உள்ளங்கையில் அறுபத்து நாலு

“ஒண்ணு, ரெண்டு…” என்று ரஹீமா எண்ணினாள். மூன்று என்றதும் இருவரும் இடது கையை விரித்தோம்.

என் உள்ளங்கையில் நீல மையில் 64. அவள் உள்ளங்கையிலும் 64.

கத்திரி வெயில் நாள். மதியம் இரண்டு மணி இருக்கும். பேட்டை ரோட்டில் இருக்கும் எங்கள் பட்டறையின் தகரக் கூரை, மேலே யாரோ நடப்பதுபோல டப் டப்பென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. மேஜைமேல் நான்கு புது பிஸ்டன்கள். புன்னக்காயல் மீனவர் சூசை அண்ணாச்சியின் வள்ளத்து எஞ்சினுக்கு வந்தவை. அவர் வாசலில் சாய்ந்து நின்று செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார். செம்பை இறக்கியவர் எங்களைப் பார்த்தார்.

“என்ன தங்கச்சி, வேலை நேரத்துல கைரேகை பாக்கிய?”

“ஒங்க வள்ளத்துக்குத்தான் அண்ணாச்சி ஜாதகம் பாக்கோம்” என்றாள் ரஹீமா. பிறகு என் பக்கம் திரும்பி, “ஒத்துப் போச்சுளா. மிஷினப் போடு” என்றாள்.

போட்டேன்.

அந்த 64 தப்பு. தப்பு என்று இரண்டே வாரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. சூசை அண்ணாச்சியிடமும் சொல்லிவிட்டேன். ரஹீமாவிடம் மட்டும் நான்கு வருடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்த நான்கு வருடத்தில் எனக்கு எது போயிற்று என்பதைத்தான் இந்த வாரம் எழுத வேண்டும்.

பிள்ளைக பட்டறை

இந்தத் தொடரை இடையில் எடுத்துப் படிப்பவர்களுக்காக ஒரு விஷயம். எஞ்சினைப் பிரிப்பதும் பூட்டுவதும் மெக்கானிக்கின் வேலை. பிரித்த எஞ்சினில் தேய்ந்துபோன உறுப்பைக் கடைந்து, மறுபடி அளவுக்குக் கொண்டுவருவது எங்கள் வேலை.

எஞ்சினின் இரும்புக் கட்டியில், அதாவது பிளாக்கில், உருளையாகத் துளைகள் இருக்கும். அதற்குள்தான் பிஸ்டன் ஏறி இறங்கும். வருஷக்கணக்கில் ஏறி இறங்கி, வட்டமாக இருந்த துளை முட்டை வடிவமாகிவிடும். அதைக் கொஞ்சம் பெரிதாக, மறுபடி வட்டமாக வெட்டி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். அப்படி மூன்று முறை வெட்டலாம். அதற்குமேல் அந்த இரும்பில் சதை இருக்காது. துளைக்குள் புதிதாக ஒரு குழாயை இறுக்கி ஏற்றித்தான் காப்பாற்ற வேண்டும். ஸ்லீவ் போடுவது என்போம்.

எங்கள் போர்டில் ‘இசக்கி - ரஹீமா எஞ்சின் ஒர்க்ஸ்’ என்று இருக்கும். அதன் கீழே இரண்டு பெயரும் முழுதாக, பின்னால் டி.எம்.இ. என்று படிப்போடு. ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. ‘பிள்ளைக பட்டறை’ என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும்.

போர்டு மாட்டிய அன்று என் அம்மா வந்திருந்தாள். முக்கூடலில் பீடி சுற்றுகிறவள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்த முதல் ஆள் நான். எங்கள் அப்பா லாரியில் ஏற்றிய மூட்டைகளில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. அம்மா போர்டின் கீழே ஸ்டூல் போட்டு ஏறி, “ஒன் பேரு எதுட்டி?” என்று கேட்டு, நான் காட்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டாள். “அதுக்கப்புறம் சின்னதா மூணு எழுத்து நிக்கே, அது யாரு?”

“அது நான் படிச்சதும்மா.”

“அதப் பெருசா எழுதச் சொல்லியிருக்கலாம்ல?”

பெயருக்குப் பின்னால் படிப்பைப் போட்டுக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை. அந்தப் பெருமைக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் உண்டு.

ரஹீமா மேலப்பாளையத்துப் பெண். அவள் வாப்பா தறிக்காரர். பாலிடெக்னிக்கில் எங்கள் வகுப்பில் நாங்கள் இருவர்தான் பெண்கள். அதனால் ஒரே பெஞ்ச். படிப்பு முடிந்து கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையின் அளவறையில் இரண்டு வருடம் ஒப்பந்த வேலை. அதுவும் ஒரே மேஜை.

அந்த அளவறையில் எப்போதும் இருபது டிகிரிக் குளிர். வெளியிலிருந்து வருகிற எந்த உருப்படியையும் உடனே அளக்க விடமாட்டார்கள். ஒரு நாள் முழுக்க அறைக்குள் கிடந்து, அறையின் குளிருக்கு அது இறங்கிய பிறகுதான் அளவு. சூட்டில் இரும்பு பெருக்கும், அலுமினியம் இன்னும் அதிகமாகப் பெருக்கும் என்பதுதான் காரணம். இதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ரஹீமா அதை ‘உறங்க வைக்கது’ என்று சொல்வாள்.

“எங்க வாப்பாவும் இதத்தான் செய்வாக. வெயில் ஏறுறதுக்கு முன்னால தெருவுல பாவு நூல விரிச்சிருவாக. வெயில் வந்துட்டா நூலு பேச்சு கேக்காதுன்னுவாக” என்பாள்.

எங்கள் பட்டறையில் குளிர் அறைக்கு எங்கே போவது? தகரக் கூரைதான். அதனால் ஒரு வழக்கம் வைத்தோம். எஞ்சின் பிளாக்கையும் பிஸ்டனையும் ஒரே மேஜையில் ராத்திரி முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் கிடத்திவிடுவது. விடிந்ததும் ஆறு மணிக்கெல்லாம் வந்து அளப்பது. அதற்குள் இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்திருக்கும். பிளாக்கின்மேல் சாக்பீஸால் ‘உறங்குது’ என்று எழுதி வைப்போம். வாடிக்கையாளர்கள் அதைப் படித்துவிட்டு எங்களைத்தான் சொல்கிறோம் என்று நினைத்துத் திரும்பிப் போனதும் உண்டு.

உள்ளங்கை வழக்கமும் அப்போது வந்ததுதான். ஆரம்பத்தில் ஒருத்தி அளந்து எண்ணைச் சொல்வாள், மற்றவள் சரிபார்ப்பாள். விசித்திரம் என்னவென்றால், காதில் விழுந்த எண்ணைத்தான் கண்ணும் பார்க்கும். அவள் தப்பாகச் சொன்னாலும் எனக்குக் கருவியில் அதே எண்தான் தெரியும். அதனால் தனித்தனியாக அளந்து, கடைசி இரண்டு எண்ணை அவரவர் உள்ளங்கையில் எழுதி, மூடி வைத்துக்கொண்டு, ஒரே நேரத்தில் விரிப்பது. ஒத்துப்போனால் வேலை. இல்லையென்றால் கை கழுவிவிட்டு முதலிலிருந்து.

அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. வாரக்கடைசியில் வீட்டுக்குப் போனால் என் கையைப் பிடித்துப் பார்ப்பாள். “எந்தப் பயட்டி நம்பர் குடுத்திருக்கான்?”

“ரெண்டு எண்ணுல எந்த ஊருல போன் நம்பர் இருக்கும்மா?”

“எனக்கென்ன தெரியும்? படிச்ச பிள்ளைக சுருக்கி எழுதுவிய.”

கடிதம் எழுதிய பெண்ணுக்கு

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு பெண் போன மாதம் கடிதம் எழுதியிருந்தாள். எஞ்சின் பட்டறை வைக்க ஆசை, என்னென்ன கவனிக்க வேண்டும் என்று. தனியாகப் பதில் எழுத உட்கார்ந்தேன். எதை எழுதினாலும் ரஹீமாவில் போய் நின்றது. அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

தங்கச்சி, பிஸ்டன் உன் மேஜைக்கு வராமல் துளையை வெட்டாதே. கல்லிடைக்குறிச்சியிலிருந்து டிராக்டர்க்காரர் வருவார். “பிஸ்டன் நாளைக்கு பஸ்ல வந்துரும், நீ அளவுக்கு வெட்டி வச்சிரும்மா” என்பார். பெட்டியில் அச்சடித்திருப்பது ஒன்று, உள்ளே இருப்பது ஒன்று. ஒரே பெட்டியில் இருக்கிற நான்குகூட ஒன்றுபோல இருக்காது. பிஸ்டனை அளந்து, எந்தத் துளைக்கு எது என்று எண் போட்டு, அதற்கேற்ப வெட்டு. கோபித்துக்கொண்டு போகிறவர் போகட்டும். திரும்பி வருவார்.

வாடிக்கையாளர் சொல்லும் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. ஒரு தடவை பம்புசெட் எஞ்சின் கொண்டுவந்த பெரியவர், “ஒரு நூல் எடுத்து விடுங்க, போதும்” என்றார். டேப்பில் ஒரு நூல் என்றால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல். அவ்வளவு வெட்டினால் துளை உடைந்து தண்ணீர்ப் பாதை தெரியும்.

“எந்த நூல் அண்ணாச்சி? ஆசாரி நூலா, எங்க வாப்பா தறி நூலா?” என்று ரஹீமா கேட்டாள்.

“ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?”

“தறி நூல்னா எஞ்சின் ஓடும். ஆசாரி நூல்னா அதுல ஜன்னல் வச்சு நீங்க காத்து வாங்கலாம்.”

பெரியவர் சிரித்துச் சிரித்து இருமினார். ஆனால் அவள் சொன்னது சரியான கணக்கு. ஒரு தடவை வெட்டுகிற அளவு ஏறக்குறைய ஒரு தறி நூலின் கனம்தான்.

பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்குகிற கிராங்க் தண்டைத் தரையில் படுக்கப் போடாதே. தன் கனத்திலேயே அது வளையும். நிறுத்தி வை, அல்லது தொங்கவிடு.

வெட்டி முடித்துத் துளையின் உட்சுவரைச் சாணைக் கல்லால் தேய்த்த பிறகு டீசலால் கழுவிவிட்டு அனுப்புகிற பட்டறைகள் உண்டு. டீசல் எண்ணெயைக் கரைக்கும், கல் பொடியை வெளியே கொண்டுவராது. சோப்புப் போட்டு வெந்நீரில் பிரஷால் தேய்த்துக் கழுவு. காய்ந்ததும் வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டு உள்ளே துடை. துணியில் சாம்பல் நிறம் வந்தால் மறுபடி கழுவு. துணி வெள்ளையாக வருகிறவரை வேலை முடியவில்லை. எங்களுக்கு அந்தத் துணி ரஹீமா வீட்டுத் தறியிலிருந்து வரும் வெட்டுத்துண்டு. அவ்வளவு மெத்தென்ற துணியில் எஞ்சின் துடைத்த பட்டறை வேறு இருக்க முடியாது. இப்போது கடையில் வாங்குகிறேன். நூல் நூலாகப் பிரிந்து துளைக்குள் ஒட்டுகிறது. ஒவ்வொரு தடவையும் கையால் பொறுக்கி எடுக்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் அந்த மதியத்துக்குத் திரும்பிப் போக வேண்டும்.

மருதாணிக்கு முந்திய நாள்

அன்று பட்டறையில் ரஹீமாவுக்குக் கடைசி நாள். மறுநாள் அவளுக்கு மருதாணி. அதற்கடுத்து நிக்காஹ். பிறகு இரண்டு வாரத்தில் ஷார்ஜா. மாப்பிள்ளை அங்கே ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவர், நல்ல மனிதர். அவரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் கிடையாது. குறை இல்லாததுதான் கஷ்டமாக இருந்தது. யாரையாவது திட்டலாம் என்றால் ஆள் இல்லை.

சூசை அண்ணாச்சியின் பிளாக் ஒரு வாரமாகவே எங்கள் மேஜையில் இருந்தது. மதுரையிலிருந்து பிஸ்டன் வர வேண்டும். அது வந்து, வெட்டி, கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, அதோடு ரஹீமா கிளம்ப வேண்டும் என்பது என் ஆசை. கடைசி வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போனாள் என்று இருக்கக்கூடாது. அவளிடம் இதை நான் சொல்லவில்லை.

பிஸ்டன் காலையில் வரவில்லை. பன்னிரண்டு மணிக்கும் வரவில்லை. ரஹீமா மேஜையைத் துடைத்தாள். துடைத்த மேஜையையே மறுபடி துடைத்தாள். ஒன்றரை மணிக்கு மேல் சூசை அண்ணாச்சி வண்டியை நிறுத்தினார். புது பஸ் ஸ்டாண்டில் பஸ் டிக்கியிலிருந்து பார்சலை எடுத்து, வண்டியின் இரும்புப் பெட்டியில் போட்டு, அந்த வெயிலில் ஓட்டி வந்திருந்தார்.

“தங்கச்சி, நாளான்னைக்கு கடலுக்குப் போனாத் தேவலாம். வல மடக்கி வச்சு மூணு வாரமாச்சு. எலி கடிக்குது” என்றார்.

நான் பெட்டியைப் பிரித்து நான்கையும் மேஜையில் வைத்தேன்.

ரஹீமா அவற்றைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“உறங்கட்டுமாளா?”

“நாளைக்கு நீ இருக்க மாட்டியே” என்றேன்.

 அவள் தன் இடது கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். “ஆமா. நாளைக்கு இதுல எழுத எடம் இருக்காது” என்றாள்.

முதலில் அவள்தான் அளந்தாள். துப்பட்டா நுனியால் பிஸ்டனைச் சுற்றிப் பிடித்தாள். துடைக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு நான் அளந்தேன். பிஸ்டன் என் விரலுக்கு இதமான சூடு என்று தோன்றியது. அந்த வெயிலில் எதுதான் சூடாக இல்லை என்றும் தோன்றியது. கங்கைகொண்டானில் இரண்டு வருடம், பாலிடெக்னிக்கில் மூன்று வருடம், பெயருக்குப் பின்னால் மூன்று எழுத்து. எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை.

ஒண்ணு, ரெண்டு, மூணு. 64. 64.

சாயங்காலம் ஐந்தரைக்கு வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியே வந்தது. ரஹீமா அந்தத் துணியை மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். மேலப்பாளையம் பஸ் ஏறும்போது கையைக் காட்டினாள். 64 அழியாமல் இருந்தது.

கதவைத் தட்டிய எஞ்சின்

இரண்டு வாரம் கழித்து சூசை அண்ணாச்சி மறுபடி வந்தார். இந்தத் தடவை வேனில், பிளாக்கோடு. சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“தங்கச்சி, எஞ்சின் கதவத் தட்டுது. காலையில எடுத்ததும் டொக்கு டொக்குன்னு தட்டுது. யாருன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது.”

“கடல்லயா அண்ணாச்சி?”

“முகத்துவாரம் தாண்டி ஒரு மணி நேரம் போயிருப்பேன். பயந்து திருப்பிட்டேன். அங்கன நின்னுபோச்சுன்னா நான் யாரு கதவத் தட்ட?”

அன்று நான் அவசரப்படவில்லை. அவசரப்பட யாரும் இல்லை. பிளாக்கையும் பிஸ்டனையும் மேஜையில் கிடத்தினேன். காலையில் ஆறு மணிக்கு வந்து, கை கழுவி, பிஸ்டனை அளந்தேன். பழக்கத்தில் எண்ணை உள்ளங்கையில் எழுதி மூடிக்கொண்டேன். விரிப்பதற்கு முன் எதிரே பார்த்தேன்.

எதிரே யாரும் இல்லை. நானே ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி விரித்தேன்.

60.

அந்த நாலு என்பது ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் நாலு பங்கு. ஒரு தலைமுடியின் கனத்தில் ஏறக்குறையப் பாதி. வெயிலில் பெருத்திருந்த பிஸ்டனை அளந்து, அதற்கேற்ற பெரிய துளையை வெட்டியிருந்தோம். அது குளிர்ந்து தன் அளவுக்கு வந்ததும் துளைக்குள் லொடலொடவென்று ஆடி, சுவரில் தட்டத் தொடங்கிவிட்டது.

சூசை அண்ணாச்சியிடம் உள்ளதைச் சொன்னேன். புது பிஸ்டன் என் பொறுப்பு, மறுபடி வெட்டித் தருகிறேன் என்றேன். ஆனால் மூன்று வெட்டில் இனி வெட்டுவதுதான் மூன்றாவதும் கடைசியும். ஆண்டுக்கணக்கில் அவருக்கு உழைத்திருக்க வேண்டிய ஒரு வெட்டை நான் இரண்டு வாரத்தில் தின்றிருந்தேன்.

அவர் பிளாக்கைத் தடவிப் பார்த்தார். “சொன்னியே, அது போதும். வேற எடம்னா என் டிரைவர் மேல பழியப் போட்டிருப்பான். என் டிரைவர் யாரு? நான்தான்” என்றார்.

நல்லா ஓடுது

அந்த வாரமே ரஹீமாவிடமிருந்து குரல் செய்தி வந்தது. ஷார்ஜா போய்ச் சேர்ந்திருந்தாள். பின்னால் ஏசி இரையும் சத்தம். “ஏளா, வீட்ல எல்லாம் சேந்தாச்சு. அந்த வள்ளம் எப்படி ஓடுது?”

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். போன இடத்தில் இப்போதுதான் பெட்டியைப் பிரித்திருப்பாள். கடைசியாகத் தொட்ட வேலை கெட்டுப்போனது என்று எப்படிச் சொல்வது? அந்தத் துணியை வேறு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

“நல்லா ஓடுது” என்று சொல்லி அனுப்பினேன்.

ஒரு பொய் சொன்னால் அதைச் சுற்றி வேலி போட வேண்டியிருக்கிறது. பட்டறையைப் பற்றிப் பேசினால் சூசை அண்ணாச்சி வருவார். அதனால் பட்டறையைப் பற்றிப் பேசுவதைக் குறைத்தேன். எங்கள் இருவருக்கும் பேச அதைவிட்டால் வேறென்ன இருந்தது? மழை பெய்ததா, அம்மா சுகமா, பையனுக்குப் பல் முளைத்துவிட்டதா. மாதம் ஒன்றாக இருந்த போன், பெருநாளுக்கும் பொங்கலுக்கும் என்று ஆனது. ஒரே பெஞ்ச், ஒரே மேஜை. இப்போது வாழ்த்துப் படம் அனுப்பிக்கொள்கிற இரண்டு பேர்.

பட்டறை நன்றாகத்தான் நடந்தது. இரண்டு பெண்களை வேலைக்கு வைத்திருக்கிறேன். கெட்டிக்காரிகள். அவர்களுக்கும் உள்ளங்கை வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் விரித்தால் நான் பார்ப்பேன். நான் மட்டும் யாரோடும் சேர்ந்து விரிக்கவில்லை. சாயங்காலம் ஒரு தடவை, விடிந்து ஒரு தடவை என நானே இரண்டு முறை அளந்துகொள்வேன்.

போர்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர், “பேரு ஒண்ணாக் குறைச்சிரவா?” என்று கேட்டார். அவரை ஒரு டீ குடிக்கவைத்துத் திருப்பி அனுப்பினேன். போர்டு இன்னும் வெளிறித்தான் கிடக்கிறது.

மறுபடியும் புன்னக்காயல்

போன மாதம் சூசை அண்ணாச்சி வந்தார். மூன்றாவது வெட்டும் தேய்ந்துவிட்டது. இனி வெட்டச் சதையில்லை. நான்கு துளைக்கும் ஸ்லீவ் ஏற்ற வேண்டும். அன்று தப்பாமல் இருந்திருந்தால் இப்போது சாதாரணமாக ஒரு வெட்டோடு போயிருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை. சுற்றிப் பார்த்துவிட்டு வேறொன்றைக் கேட்டார்.

“அந்த ஜாதகம் பாக்குற பிள்ள எங்கம்மா?”

“ஷார்ஜாவுல அண்ணாச்சி.”

“இந்த எஞ்சின் கத அதுக்குத் தெரியுமா?”

நான் பிளாக்கைத் துடைக்கத் தொடங்கினேன்.

“அப்போ எனக்கு மட்டுந்தான் சொன்னியா? நான் யாரு, வெறும் கிராக்கி” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

ஸ்லீவ்களை ஏற்றினேன். புது பிஸ்டன் இந்தத் தடவையும் வெயிலில்தான் வந்தது, மூன்று மணிக்கு. அவற்றை மேஜையில் வைத்துவிட்டு, பட்டறைப் பெண்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, ரஹீமாவைக் கூப்பிட்டேன்.

“ஏட்டி, ஒண்ணு சொல்லணும். அந்த வள்ளத்து எஞ்சின் நல்லா ஓடல.”

எந்த வள்ளம் என்று அவள் கேட்கவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டிய சத்தம், 60, மூன்றாவது வெட்டு, இப்போது ஸ்லீவ். “உறங்கட்டும்னு நீ சொன்ன. நாந்தான் கேக்கல. ஒன்னைய கடைசியா ஒரு வேலைய முடிச்சிட்டு அனுப்பணும்னு கெடந்தேன். கெட்டுப்போச்சு. சொல்லவும் வாய் வரல.”

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. 

“நான் எத்தன தடவளா சொன்னேன்?” என்றாள்.

“என்னது?”

“உறங்கட்டும்னு எத்தன தடவ சொன்னேன்?”

“ஒரு தடவ.”

“மத்த நாளுன்னா எத்தன தடவ சொல்லுவேன்?”

மற்ற நாட்களில் சண்டை போடுவாள். பிஸ்டனைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள்.

“பிஸ்டன் கையச் சுட்டுச்சுளா. துப்பட்டாவச் சுத்தித்தான் பிடிச்சேன். நீ கண்டுபிடிச்சிருவியோன்னு பயந்துக்கிட்டே அளந்தேன். அன்னைக்கு அது முடியணும்னு ஒனக்கு மட்டுமா இருந்துச்சு?”

 அவள் தொடர்ந்தாள்.

“நல்லா ஓடுதுன்னு நீ சொன்னப்பவே தெரியும். உண்மையிலே நல்லா ஓடியிருந்தா நீ ஒரு வரியில நிறுத்துவியா? ஒன் வாய் அப்பேர்ப்பட்ட வாயா?”

“தெரிஞ்சா கேக்க வேண்டியதுதானட்டி?”

“கேட்டா நானும் சொல்லணுமே.”

பிறகு குரலை மாற்றிக்கொண்டு, “இங்கன வீடே அளவற மாதிரிதான் இருக்கு. எந்நேரமும் ஏசி. எல்லாமே உறங்கி ரெடியாக் கெடக்கு. அளக்கத்தான் ஒண்ணுமில்ல. பால் பவுடருக்கு ஒரு கரண்டி குடுத்திருக்கான், அத வழிச்சு வழிச்சு அளக்கேன்” என்றாள். சிரித்தோம். நான்கு வருடத்துக்குப் பிறகு அது பழைய சிரிப்பு.

“பிஸ்டன் வந்துருச்சா?” என்று கேட்டாள்.

“மேஜையில இருக்கு.”

“சுடுதா?”

தொட்டுப் பார்த்தேன். “சுடுது.”

“உறங்கட்டும். உறங்கட்டும். உறங்கட்டும்” என்றாள், மூன்று தடவை.

பிளாக்கின்மேல் சாக்பீஸால் எழுதினேன்.

காலை ஆறரைக்கு வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே ஐந்து மணி. தொழுதுவிட்டு உட்கார்ந்திருந்தாள், தலையில் முக்காடு. “பையப் பேசு, மகன் உறங்குதான்” என்றாள். முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. கையில் பேனா இருந்தது.

முதலில் நான் அளந்து, எழுதி, கையை மூடிக்கொண்டேன். பிறகு கருவியைத் தளர்த்தி, மறுபடி பிஸ்டனில் பொருத்தி, போனின் கண்ணுக்கு நேராகக் காட்டினேன். “இடப்பக்கம் சாய். வெளிச்சம் அடிக்குது. இன்னும் கிட்ட. ஆட்டாதளா” என்று வேலை வாங்கினாள். பிறகு குனிந்து எழுதினாள்.

“ஒண்ணு, ரெண்டு…”

மூன்றை இருவரும் சேர்ந்தே சொன்னோம்.

என் கையில் 89. சின்னத் திரையில் அவள் கை விரிந்து, முகத்தை மறைத்துக்கொண்டு நின்றது. மருதாணி போன வெறும் உள்ளங்கை. நடுவில் நீல மையில் 89.

அவள் கையை எடுக்கவில்லை. கைக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

“போன வைக்காத. நட்டுப் பெட்டிமேல சாச்சு வை. சத்தம் கேக்கணும்.”

சாய்த்து வைத்தேன்.

“ஒத்துப் போச்சுளா. மிஷினப் போடு.”

போட்டேன்.